வேது, நீராவி, சானா: வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



வரி, விலைவாசி, எடைக்கல் முத்திரை என்று நம் இதழில் எழுத எத்தனையோ இருக்க, குளியலைப் பற்றி எழுத வந்திருக்கிறாரே என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்ற மார்கழியில் நம் சக வியாபாரி ஒருவரை இந்தக் குளியலில் இழந்திருக்க வேண்டியது. தெய்வாதீனமாகப் பிழைத்தார். அதில் நம் பங்குக்கு ஒரு தவறும் உண்டு. அந்தத் தவறை மற்றவர்கள் செய்யாதிருக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நமக்கு வயது அறுபத்து நான்கு. நாற்பது ஆண்டுகளாக ஜவ்வாது மலைச் சரக்கை வாங்கி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். புளி, சாமை, தேன், கடுக்காய் ஆகியவை நம் முக்கியச் சரக்கு. மார்கழியில் மலை ஏறுபவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதல்லவா? 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இயங்கி வருகிறது. நகர வெளிச்சம் எட்டாத தெளிந்த வானம் இருப்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மேகமில்லாத வானத்தின் மறுபக்கம் குளிர். பகலில் பூமி வாங்கிய சூட்டை இரவில் மூடிவைக்கப் போர்வை இல்லை. அதனால் விடியற்காலையில் சாக்கைத் தொட்டாலே கை விறைத்துப்போகும்.

அன்று ஜமுனாமரத்தூரில் சாமை பார்த்து விலை பேசி முடிக்கவே பிற்பகல் ஆகிவிட்டது. காலையில் தின்ற இரண்டு இட்லியோடு சரி, மதியச் சாப்பாடு இல்லை. டீ மட்டும் இரண்டு மூன்று முறை. மலைப்பாதையில் இறங்கி இரவு தங்க ஒரு விடுதிக்கு வந்தோம். அங்கே நீராவி அறை ஒன்று கட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் குளிரும் வலியுமாக இருந்ததால் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் நாம் எழுந்துவிட்டோம். நண்பரோ, “நீங்க போங்கண்ணே, நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன். உடம்பு பஞ்சு மாதிரி லேசாவுது” என்றார். அவரைத் தனியே விட்டுவிட்டு வந்தோம். அதுதான் நாம் செய்த தவறு.

கால் மணி நேரம் கழித்துத் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவு. நண்பர் அதன்மேலேயே விழுந்து கிடந்தார். விடுதிப் பையன்கள் இருவர் சேர்ந்து மெல்லத் தள்ளி அவரை வெளியே எடுப்பதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வந்தது. நெற்றியில் நான்கு தையல். மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. இரத்த அழுத்தமும் தாழ்ந்திருந்தது. அவர் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். நம்மவர்களில் பாதிப் பேர் அப்படித்தானே?

சிகிச்சை அளித்த மருத்துவர் பொறுமையாக விளக்கம் சொன்னார். அதன்பின் நாமும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டோம். அதைத்தான் கீழே தொகுத்துத் தருகிறோம்.

மூன்றும் ஒன்றா?

வேது, நீராவிக் குளியல், சானா மூன்றின் நோக்கமும் ஒன்றே. வெளியிலிருந்து சூடு கொடுத்து வேர்க்க வைப்பது. ஆனால் செய்யும் முறை வேறு.

வேது நம் வீட்டு வழக்கம். நொச்சி, வேப்பிலை போன்றவற்றைக் கொதிக்க வைத்து, போர்வை மூடி ஆவியை வாங்குவது. சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் 32 வகைப் புற மருத்துவ முறைகளில் வேதுவும் ஒன்று.

நீராவிக் குளியல் என்பது கொதிகலனிலிருந்து ஆவியை ஓர் அறைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ விடுவது. இயற்கை மருத்துவமனைகளில் தலை மட்டும் வெளியே இருக்கும்படியான பெட்டியில் உட்கார வைப்பார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசினர் யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகின்றன. அத்தகைய இடங்களில் மருத்துவர் பார்த்த பிறகே சிகிச்சை தருவார்கள்.

சானா பின்லாந்து நாட்டு வழக்கம். மரப்பலகை அடித்த சிறு அறை, மூலையில் அடுப்பு, அதன்மேல் கற்கள். அறையின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை இருக்கும். ஆனால் காற்று உலர்ந்திருக்கும். அவ்வப்போது கற்களின் மேல் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றுவார்கள். சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாட்டில் 30 லட்சம் சானாக்கள் இருப்பதாகக் கணக்கு. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தச் சானாப் பழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று நம் ஊர்ப் பெரிய ஓட்டல்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் சானாவோ நீராவி அறையோ வந்துவிட்டது.

100 டிகிரியில் மனிதன் வேகாமல் இருப்பது எப்படி?

இந்தக் கேள்வி நமக்கும் எழுந்தது. பேக்கரிக்காரரைப் பாருங்கள். 200 டிகிரி அடுப்புக்குள் ஒரு நொடி கை விட்டுத் தட்டை இழுக்கிறார். தட்டைத் தொட்டால்தான் சுடும். காற்று உடனே சுடுவதில்லை. வீட்டில் இட்லிப் பானையைத் திறக்கும்போதோ, 100 டிகிரி ஆவி பட்டவுடன் கை வெந்துவிடுகிறது. உலர்ந்த காற்று கொஞ்சம் சூட்டைத்தான் சுமக்கும். ஆவியோ தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தன்னை ஆவியாக்கிய சூடு முழுவதையும் தோலில் இறக்கி வைத்துவிடுகிறது.

அடுத்தது வேர்வை. வேர்வை ஒழுகுவதால் உடம்பு குளிர்வதில்லை; அது காய்வதால்தான் குளிர்கிறது. சானாவின் உலர்ந்த காற்றில் வேர்வை காயும். ஆகவே 80 டிகிரியையும் சற்று நேரம் தாங்கலாம். நீராவி அறையில் காற்று முழுவதும் ஈரம். அங்கே வேர்வை காய வழியில்லை. அதனால்தான் நீராவி அறையை 40 முதல் 45 டிகிரிக்கு மேல் போகவிடுவதில்லை. வெறும் 45 டிகிரிதானே, நம் சித்திரை வெயிலைவிடக் கொஞ்சம்தானே கூட என்று எண்ணி நெடுநேரம் உட்காருவது பெரும் பிழை. நம் நண்பர் செய்த கணக்குப் பிழையும் இதுதான்.

சூட்டை வெளியேற்ற உடம்பு தோலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு நூறையும் தாண்டும். ஒருமுறை உட்கார்ந்து எழுவதற்குள் அரை லிட்டர் வரை வேர்த்துவிடும். குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் நீரும் குறைந்த நிலையில் சட்டென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கி மூளைக்குப் போவது குறைகிறது. கண் இருட்டுகிறது, ஆள் விழுகிறார். அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இன்சுலின் ஊசி போடுபவருக்குச் சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் சேர்ந்து சர்க்கரை இறங்கிவிடலாம்.

நன்மை உண்டா?

உண்டு. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்தும், மூட்டை தூக்கியும் பிடித்துக்கொண்ட முதுகும் தோளும் இளகும். மனம் அமைதிப்படும். அன்று இரவு நல்ல தூக்கம் வரும். கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை சானா போனவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடையே திடீர் இருதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்தே பழகியவர்கள். உடம்பு நன்றாக இருப்பவர்தானே அடிக்கடி போக முடியும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆகவே இதை இருதய மருந்தாக எண்ணி, மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எடை குறையும் என்று விளம்பரம் செய்கிறார்கள். குறைவது தண்ணீர், இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் தராசு முள் பழைய இடத்துக்கே வந்துவிடும். உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வேர்வையில் போகும் என்பதும் மிகைப்பட்ட பேச்சு. வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

வீம்பு வேண்டாம்

யார் அதிக நேரம் தாங்குகிறார் என்று பந்தயம் கட்டும் பழக்கம் நம்மவர்களிடமும் உண்டு. பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் உலகச் சானாப் போட்டி என்றே நடத்தி வந்தார்கள். 2010 ஆகஸ்ட் 7 அன்று நடந்த இறுதிப் போட்டியில் அறையின் சூடு 110 டிகிரி. ஆறு நிமிட அளவில் போட்டியாளர்கள் இருவரையும் வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. ரஷ்யாவின் விளாதிமிர் லாதிஜென்ஸ்கி இறந்தார். பலமுறை வென்றிருந்த பின்லாந்து வீரர் திமோ கௌகோனென் பலத்த தீக்காயங்களுடன் உயிர் தப்பினார். அதோடு போட்டியே நின்றுபோனது. பிறந்தது முதல் சானாவில் பழகிய நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நமக்கு வீம்பு எதற்கு?

யார் தவிர்க்க வேண்டும்?

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், இருதய வால்வு சுருங்கியவர்கள், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ அடிக்கடி மயக்கமோ உள்ளவர்கள், வலிப்பு நோயுள்ளவர்கள், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் போகவே கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். சூடான பலகையோ ஆவிக் குழாயோ பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் கண்ட பிறகே தெரியும். அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை மருந்து சாப்பிடுபவர்கள் ஒருமுறை தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மது அருந்திவிட்டு உள்ளே போவது எல்லாருக்கும் ஆபத்து. பின்லாந்திலேயே சானாவில் நேரும் மரணங்களில் மதுவின் பங்கு பெரிது.

சுகமாகவும் பத்திரமாகவும் குளிக்கும் முறை

1. அவசரமில்லாத நாளாகப் பாருங்கள். கடை விடுமுறை நாளின் மாலை உகந்தது. செல்போனை வெளியே வைத்துவிடுங்கள்.

2. வெறும் வயிறும் கூடாது, வயிறு நிறையவும் கூடாது. சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துப் போகலாம். போகும்முன் ஒரு செம்பு தண்ணீர் குடியுங்கள்.

3. முதலில் கதவைப் பாருங்கள். வெளிப்பக்கமாகத் தள்ளித் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. அப்படி இல்லாத அறைக்குள் போகாதீர்கள்.

4. தனியே போகாதீர்கள். கூட ஒருவர் இருக்கட்டும். இல்லையேல் பணியாளரிடம், “பத்து நிமிடத்தில் வந்து பாரப்பா” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

5. மோதிரம், சங்கிலி, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். உலோகம் சூடேறித் தோலைச் சுடும். எண்ணெய் தேய்த்திருந்தால் தரை வழுக்கும், பார்த்து நடக்கவும்.

6. புதியவர்கள் ஐந்து முதல் எட்டு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழகியவர்களுக்கும் பத்து, பதினைந்து நிமிடம் போதும். சானாவில் சூடு மேலே ஏறும் என்பதால் கீழ்ப் பலகையில் உட்காருங்கள்.

7. தலை கிறுகிறுப்பு, குமட்டல், படபடப்பு, நெஞ்சில் இறுக்கம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் நேரம் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

8. எழும்முன் ஒரு நிமிடம் காலை அசைத்து உட்கார்ந்திருங்கள். பிறகு சுவரைப் பிடித்து மெல்ல எழுங்கள்.

9. வெளியே வந்து பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். உண்மையான சுகம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பலர் அதை விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

10. பின்லாந்துக்காரர்கள் குளிர்ந்த ஏரியில் குதிப்பார்கள். ஜவ்வாது மலைத் தண்ணீரில் மார்கழியில் நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. திடீர்க் குளிர் இருதயத்துக்கு அதிர்ச்சி. வெதுவெதுப்பான நீரைக் காலிலிருந்து ஊற்றிக் குளித்தால் போதும்.

11. இழந்த நீரை நீர்மோர், இளநீர், கஞ்சி என்று மெல்ல மெல்லக் குடித்து ஈடு செய்யுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

யாராவது மயங்கி விழுந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத் துணியால் துடையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நினைவு இருந்து, சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர் என்றால் ஒரு கரண்டி சர்க்கரை கொடுக்கலாம். 108-க்குத் தாமதிக்காமல் சொல்லுங்கள். மலையில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால் அங்கே இன்னும் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் வேது பிடிக்கும்போது

பல ஆண்டுகளுக்கு முன் மலையில் நமக்குச் சளியும் உடம்புவலியும் வந்தபோது, புளி கொடுக்கும் வீட்டுப் பாட்டி நொச்சி வேது பிடிக்க வைத்தார். போர்வைக்கு வெளியே அவரே உட்கார்ந்துகொண்டு, “மொதலாளி, பேசிக்கிட்டே இருங்க. சத்தம் நின்னா போர்வையத் தூக்கிடுவேன்” என்றார். அன்று சிரித்தோம். நீராவி அறைக் கதவுக்கு வெளியே நின்று பதறியபோதுதான் அந்தச் சொல்லின் அருமை தெரிந்தது.

வீட்டு வேதுவில் பெரிய ஆபத்து கொதிநீர் கொட்டுவதே. பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள். அகன்ற அடியுள்ள பாத்திரத்தை ஆடாத இடத்தில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் கழித்தே குனியுங்கள். குழந்தைகளைப் போர்வைக்குள் வைத்து ஆவி காட்டவே வேண்டாம். கொதிநீர் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாவு, மை, பற்பசை எதையும் பூச வேண்டாம்.

கொரோனா காலத்தில் பல ஊர்களில் தெருமுனையில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் பலரும் ஓரிடத்தில் கூடி மூச்சு விடுவதால் நோய் பரவும் என்பதால், பொது இடங்களில் அப்படிச் செய்ய வேண்டாம் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். ஆவி மூக்கடைப்பை இளக்கும், கிருமியைக் கொல்லாது.

குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது இதைவிடக் கொடியது. கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மலையில் தங்குபவர்கள் நெருப்பை வெளியே காய்ந்துவிட்டு, போர்வையோடு உள்ளே படுக்க வேண்டும்.

கடைக்காரரின் பொறுப்பு

மழைக்காலம் வந்தால் ஓமம், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் என்று நம் கடைக்குத்தான் வருகிறார்கள். “குழந்தைக்குச் சளி, எது நல்லதுங்க?” என்று நம்மையே கேட்கிறார்கள். அவசரத்தில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் கலந்ததை மூக்கிலோ மார்பிலோ தடவக் கூடாது. இவற்றைக் கொடுக்கும்போது, “பெரியவங்களுக்கு மட்டும், குழந்தை கைக்கு எட்டாம வைங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்றால் சரக்கு விற்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஒரு தைலப் பாட்டிலின் இலாபம் போனால் போகட்டும்.

நம் நண்பர் இப்போது நலமாக இருக்கிறார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை பெட்டி நீராவிக் குளியலுக்குப் போகிறார். போகும்முன் சர்க்கரை பார்த்துக்கொள்கிறார். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். பெட்டிக்கு அருகே நாற்காலி போட்டு நாம் உட்கார்ந்திருக்கிறோம். அவர் உள்ளிருந்தபடியே புளி விலை பேசுவார். நாம் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் பேச்சு நிற்காமல் இருக்கும்வரை நமக்குக் கவலையில்லை.